கடைசிக் கட்டத்தில் அணைந்த விண்கலம்

ஆள் இல்லாத இடத்தில் சுவிட்ச் போட்டிருந்தால் என் கை சும்மா இருக்காது, போய் அணைத்துவிடும். இது நல்ல பழக்கம் என்றே முப்பது வயது வரை நம்பியிருந்தேன். (ஈசூன் வீட்டில் அம்மா திட்டித் திட்டி வளர்த்த பழக்கம். புகார் இருந்தால் அவரிடம் சொல்லவும்.)

அன்று ஆயுத பூஜை. கவிதாவைப் பெண் கேட்க, கிளமெண்டியில் அவள் வீட்டுக்கு முதன்முறையாகப் போயிருந்தேன். அவள் அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். சாமி அலமாரிக்கு முன்னால் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. பக்கத்தில் டிவிக்குக் கீழே, வயரோடு ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. அதற்கும் பொட்டு.

"அங்கிள், இது அந்த விண்கலச் சண்டை கேம்தானே? முதல்ல த்ரீ-டில வந்துச்சே?"

அவர் முகம் மலர்ந்தது. "உனக்குத் தெரியுமா? விண்கலம் எல்லாம் வெறும் முக்கோணம் லா! ஆனா அப்போ நிஜமாவே பறக்குற மாதிரி இருக்கும்."

நான் அதை ஒரே ஒருமுறை ஆடி, வந்த முதல் பாறையிலேயே மோதிச் செத்தவன். "முழுசா முடிச்சிருக்கேன் அங்கிள்" என்றேன். (பெண் கேட்கப் போனவன் வேறென்ன சொல்வான்?) அவர் பார்வையில் மரியாதை ஏறியது. பாதிச் சம்மதம் கிடைத்துவிட்டதாக எனக்கு ஒரே சந்தோஷம்.

பூஜை முடிந்து எல்லாரும் சமையலறைக்குப் போனார்கள். ஹாலில் நான் மட்டும். டிவி அணைந்திருந்தது, பெட்டியில் மட்டும் சிவப்பு விளக்கு. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலை வரை தொடக் கூடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் சுவர் சுவிட்சுக்கு யாரும் பொட்டு வைக்கவில்லையே! தட்டிவிட்டு, பொறுப்பான மாப்பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

சுண்டலோடு வந்த கவிதாவின் அப்பா பெட்டியைப் பார்த்து நின்றார். "லைட் எங்க?"

"சும்மா ஓடிட்டு இருந்துச்சு அங்கிள். நான்தான் ஆஃப் பண்ணேன்."

அவர் பின்னால் வந்த கவிதா தலையில் கை வைத்தாள்.

"கேமைப் பாதியில நிறுத்தி வெச்சிருந்தேன்" என்றார் மெதுவாக. "கடைசி லெவல். இத்தனை வருஷத்துல நேத்துதான் முதல் தடவையா போனேன். பூஜை முடியட்டும், நாளைக்குக் காலையில ஆடலாம்னு..."

"சேவ் பண்ணலையா அங்கிள்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முழுசா முடிச்சேன்னு சொன்னியே. இதுல சேவே கிடையாதுன்னு தெரியாதா?"

நான் பெண் கேட்பதற்குள் அவரே சொன்னார்: "நான் மறுபடி அந்த லெவலுக்குப் போறேன். அப்புறம் கல்யாணம் பேசலாம்."

பதினோரு மாதம் ஆனது.

இப்போதும் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும், ஸ்பேனர்களுக்குப் பொட்டு வைத்து முடித்ததும் மாமா என்னைக் கூப்பிடுவார். என் வலது ஆள்காட்டி விரலில் சந்தனம் தடவி, குங்குமம் வைப்பார். "நாளைக்குக் காலை வரைக்கும் இது எதையும் தொடக் கூடாது லா."

அன்று எனக்குச் சுண்டல் ஊட்டிவிடுவது என் மகள்.