டெல்மரின் மூக்கும் என் முள்ளங்கியும்

விஸ்கான்சின்,
பிப்ரவரி 19

மரியாதைக்குரிய அண்ணன் லீலண்டுக்குத் தம்பி வென்டல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மார்லிஸும் சுகம். அரிசோனா வெயிலில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், அண்ணியும் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். நீங்கள் அன்போடு அனுப்பிவைத்த விதைப் பையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆகஸ்டில் போனில் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "டேய், வெதைச்சிட்டு சும்மா இரு. மான் தானா வந்து வரிசையில நிக்கும்." நம்பினேன். காட்டோரம் அரை ஏக்கரில் டர்னிப் கிழங்கும் முள்ளங்கியும் கலந்து தூவினேன். பையில் மிச்சம் இருந்ததை, தக்காளி பிடுங்கிய இடம் வெறுமனே கிடக்கிறதே என்று மார்லிஸின் வீட்டுத் தோட்டத்தில் தூவினேன். குளிரில் தானே செத்து மட்கி மண்ணை இளக்கிவிடும் என்று பையிலேயே அச்சடித்திருந்தது. மழையும் பெய்தது. இலை முழங்கால் உயரம், முள்ளங்கி என் முழங்கை நீளம். நவம்பரில் வேட்டைக் காலம் ஒன்பது நாளும் மரத்துமேல் பரணில் உட்கார்ந்து விறைத்தேன். ஒரு மான்கூட வரவில்லை. எல்லாம் எதிர்வீட்டு டெல்மரின் சோளக் கட்டையில் மேய்ந்துகொண்டிருந்தன. ஆறு வருஷத்துக்கு முன் நான் சுட்ட மான் ஓடிப்போய் அவன் நிலத்தில் விழுந்ததே, அவன் "என் மண்ணுல விழுந்தது எனக்கு" என்றானே, அதே டெல்மர்தான். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது. வேட்டைக் காலம் முடிந்த அன்றைக்குக் கடும் உறைபனி விழுந்தது. பனி பட்டால்தான் அந்த இலை இனிக்குமாம். மறுநாள் காலை மார்லிஸ் ஜன்னலில் நின்று எண்ணினாள். "பதினொண்ணு. நீங்க துப்பாக்கியைத் தொடைச்சு வெச்ச மறுநாளே வந்திருக்கு பாருங்க. காலண்டர் பாத்துட்டுத்தான் வருதுங்க."

அதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் பனி உருகி வெயில் அடித்தது. பத்து மணி வாக்கில் மார்லிஸ் மூக்கைச் சுளித்து, "கேஸ் கசியுது" என்றாள். அடுப்பை அணைத்து, என்னை வீட்டுச் செருப்போடு சேற்றில் தள்ளி, தீயணைப்புக்குப் போன் பண்ணிவிட்டாள். ரெண்டு வண்டி வந்தது. ஊர் தீயணைப்புத் தொண்டர் படைக்குத் தலைவி டார்லா; மற்ற நேரத்தில் தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறவள். கேஸ் கசிவு பார்க்கிற கருவியை எடுத்தாள், பேட்டரி செத்திருந்தது. நேரே தோட்டத்துக்குப் போய் ஒரு முள்ளங்கியைப் பிடித்து இழுத்தாள். அது கூழாகக் கையோடு வந்தது. என் மூக்குக்கு நேரே நீட்டி, "வென்டல், இது கேஸ் இல்ல. உங்க முள்ளங்கி அழுகிப்போச்சு" என்றாள். எட்டுப் பேர் சிரித்தார்கள். சிரிக்காதவன் ஒருத்தன்தான். காற்றில் வாடை பிடித்து ரோட்டைத் தாண்டி வந்திருந்த டெல்மர்.

"நாப்பது வருஷம் சீஸ் ஆலையில மூக்கை வெச்சுப் பொழைச்சவன் நான். இதுல ரெண்டு வாடை இருக்கு. ஒண்ணு முள்ளங்கி. இன்னொண்ணு வேற" என்றான்.

எனக்கிருந்த அவமானத்தில், "அந்த மூக்காலதான் என் மானையும் மோப்பம் புடிச்சியா?" என்று கேட்டுவிட்டேன். தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

"ஆறு வருஷம் கழிச்சு மனுஷன் வாயைத் தொறந்தான். நல்லா வரவேத்தீங்க" என்றாள் மார்லிஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காபி நேரத்தில் எனக்கு "முள்ளங்கி வென்டல்" என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, இனி விதை என்று எதையும் அனுப்ப வேண்டாம். காய்ந்த பேரீச்சம்பழம் அனுப்புங்கள். இந்த ஊர் மான்களைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். உங்களையும் அண்ணியையும் அவரே குளிர் தீண்டாமல் காப்பாராக.

என்றும் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
வென்டல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது எங்கள் வீட்டுக் கேஸ் தொட்டியை நிரப்புகிற ஆள் வந்தார். தோட்டத்து ஓரம் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழ் குமிழாகக் கிளம்பியது. "எத்தனை நாளா இப்படி இருக்கு? அடுப்பு வேற எரிச்சீங்களா?" என்று கேட்டு என்னையும் மார்லிஸையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இணைப்பை முடுக்கிவிட்டுப் போனதும் மார்லிஸ் என் கோட்டை எடுத்துவந்து நீட்டினாள்.

ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். "டெல்மர், நீ சொன்னதுதான் சரி. ரெண்டு வாடை" என்றேன். கதவை இன்னும் அகலமாகத் திறந்து, "இன்னொரு தடவ சொல்லு. என் வீட்டுக்காரிக்குக் கேக்கல" என்றான். சொன்னேன். அப்புறம் மில்வாக்கியில் இருக்கிற மகளைப் போனில் கூப்பிட்டுக் கொடுத்தான். அவளிடமும் சொன்னேன். நாலாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தான். யாரும் கிடைக்காததால், உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தான்.