பின்வாசல் உதயம்

“மூட்டையோட உள்ள விட மாட்டோம் சார்” என்றார் காவலாளி.

“இது மூட்டை இல்லைங்க. முதுகுப்பை.”

“முதுகுல இருந்தாலும் தலையில இருந்தாலும் மூட்டை மூட்டைதான். தள்ளி நில்லுங்க.”

புகார் சார் தள்ளி நின்றார். தள்ளி நிற்பது அவருக்குப் பழக்கம். குடிநீர் அலுவலகத்தில் இருபத்து மூன்று வருஷமாகப் புகார் போனை எடுப்பவர் அவர். தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் நிற்கவில்லை, நின்ற தண்ணீர் நாறுகிறது என்று காது புளிக்கக் கேட்டுக் கேட்டு, சொந்தப் பெயரே மறந்துபோய் எல்லோருக்கும் புகார் சார் ஆகிவிட்டவர்.

அவர் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பழைய காலண்டர் தொங்கியது. அதில் ஆற்றங்கரையில் வெள்ளை மண்டபம். விடியும்போது கிழக்கு ஜன்னல் வழியாக முதல் வெளிச்சம் உள்ளே நுழைந்து, கூரை முழுவதையும் ரோஜா நிறமாக்கிவிடுமாம். ஐந்தே நிமிஷம்தான். போனில் யாராவது கத்தும்போதெல்லாம் அவர் “சொல்லுங்க, சொல்லுங்க” என்றபடியே அந்தப் படத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்.

நாற்பத்தொன்பதாவது வயதில் ஒருநாள் மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்தார். மகளுடைய பழைய பையை முதுகில் மாட்டிக்கொண்டு தன்னந்தனியாக ஊர் சுற்றக் கிளம்பினார். மனைவி வாசல்வரை வந்து, “முதுகுப் பிடிப்புக்குத் தைலம் பைக்குள்ள இருக்கு. பையைத் தூக்காம இருந்தா தைலமே வேணாம்” என்று வழியனுப்பினாள்.

அந்த மண்டபத்து வாசலுக்கு வந்து சேர்ந்த இன்றோடு லீவு முடிகிறது. ஒன்பது மணிக்கு ரயில். மண்டபத்துக்கு வெளிச்சம் தினமும்தான் வரும். அவருக்குத்தான் இந்த ஒரு காலை மட்டும்.

“அப்ப பையை எங்கதாங்க வைக்கிறது?”

“பை வைக்கிற ரூம் ஏழு மணிக்குத் திறக்கும்.”

“சூரியன்?”

“அது அஞ்சே முக்காலுக்கே திறந்துடும்.”

புகார் சார் ஒரு மரத்துக்குப் பின்னால் போனார். பையை வயிற்றுப் பக்கமாக மாட்டி, மேலே மழைக்கோட்டைப் போட்டுப் பொத்தானை இழுத்துப் பூட்டிக்கொண்டு, அசைந்து அசைந்து திரும்பி வந்தார்.

காவலாளி வயிற்றைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷத்துல எட்டு மாசம் ஆயிடுச்சா சார்?”

வரிசை மொத்தமும் சிரித்தது. பின்னால் நின்ற ஓர் அம்மாவுக்கு மட்டும் இரக்கம் வந்தது. “பின்வாசல்ல பெட்டி இருக்கு போலத் தம்பி. பையோட நாலு பேர் உள்ள போனதைப் பாத்தேன்.”

மதிலை ஒட்டி ஓடினார். ஆற்றிலிருந்து பனி எழுந்து பாதையை மூடியிருந்தது. கால் தரையில் படுகிறதா, மேகத்தில் படுகிறதா என்றே தெரியவில்லை. மண்டபத்தின் உச்சி மட்டும் பனிக்கு மேலே மிதந்தது. தூக்கத்தில் நடப்பவர்போல அதைப் பார்த்துக்கொண்டே போய், ஓர் இரும்புக் கதவில் முட்டிக்கொண்டார்.

கதவு திறந்தது. உள்ளே ஒற்றை பல்பு, சுவர் நெடுக இரும்புப் பெட்டிகள். கையில் பட்டியலோடு நின்ற மேஸ்திரிக்கு மீசையும் கோபமும் சம அளவில் இருந்தன.

“லேட்டு.”

“மன்னிக்கணும். பையை வைக்கணும்...”

“ஏழாம் நம்பர் பெட்டி. புதுசா?”

“ஆமாங்க, முதல் தடவை.”

“அனுபவம் உண்டா?”

“அனுபவிக்கத்தான் வந்திருக்கேன்.”

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னவோ குறித்துக்கொண்டார். நீலக் கோட்டு ஒன்றும் செருப்புக்குப் பதிலாகத் துணி உறையும் வந்தன. பளிங்கில் கீறல் விழக்கூடாதென்று பார்க்க வருபவர்களுக்குக்கூட இப்படி ஓர் ஏற்பாடா என்று புகார் சாருக்கு மெய் சிலிர்த்தது. இந்த ஒழுங்கு நம் அலுவலகத்தில் இருந்தால் புகார் எதற்கு வரப்போகிறது?

அடுத்ததாகக் கையில் துடைப்பம் வந்தது.

“ஐயா, இது எதுக்கு?”

“பல்லு விளக்கவா குடுப்பாங்க? வடக்குத் தாழ்வாரம். மளமளன்னு ஆகட்டும்.”

“நான் சூரியோதயம் பாக்க வந்தவங்க!”

“பாருங்க, யாரு வேணாம்னா? பெருக்கிட்டே பாருங்க.”

மணி ஐந்து பத்து. வாதாட நேரமில்லை. துடைப்பத்தை ஒரு தூணில் சாய்த்துவிட்டு, கூட்டம் நுழையும் பெரிய கூடத்துக்குள் நழுவினார். அங்கே இன்னொரு காவலாளி.

“நீலக்கோட்டுக்கு இங்க என்ன வேலை?”

“என்கிட்ட டிக்கெட் இருக்குங்க!” புகார் சார் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

“அடடா, கீழ கிடந்துச்சா? யாரு தவிச்சிட்டு இருக்காங்களோ. நல்ல மனுஷன்யா நீ.” காவலாளி அதை வாங்கி, தொலைந்த பொருள் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

புகார் சார் கோட்டைக் கழற்றிப் பார்த்தார். “டிக்கெட் எங்க?” என்றார் அதே காவலாளி. மறுபடி மாட்டிக்கொண்டார். “வடக்குத் தாழ்வாரம் அந்தப் பக்கம்” என்றார்.

இப்போது அவரை இந்தக் கட்டடத்துக்குள் நிற்க வைத்திருப்பது அந்தக் கோட்டு ஒன்றுதான். போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மனைவி கூப்பிட்டாள், வீடியோவில்.

“என்னங்க, மண்டபத்தைக் காட்டுங்க... ஐயோ, கையில என்ன?”

“அது வந்து...”

“துடைப்பமா? இருபத்தஞ்சு வருஷத்துல நம்ம வீட்ல ஒரு நாள் அதைத் தொட்டிருப்பீங்களா? ஊர் விட்டு ஊர் போய்ப் பெருக்குறீங்களா? வாங்க, வந்து சேருங்க!”

போனை அவசரமாக அணைத்தபோது யாரோ ஒருவர் வந்து, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போட ஆரம்பித்தார். புகார் சாரின் வாய் தானாகவே திறந்தது. “உங்க கஷ்டம் புரியுதுங்க. பதிவு பண்ணியாச்சு. உடனே கவனிக்கச் சொல்றேன். சிரமத்துக்கு மன்னிக்கணும்.” வந்தவர் சாந்தமாகி, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

தூணுக்குப் பின்னால் மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பேசத் தெரிஞ்சிருக்கே!” முதல் முறையாக அவர் மீசை மேலே ஏறியது. “உங்களைக் கீழ வெச்சா வீணு. மேல் மாடத்துக்குப் போங்க, புறா இறகு கிடக்கும்.”

“ஐயா, சூரியோதயம்...”

“மேல!”

குறுகலான படிகள் சுற்றிச் சுற்றி ஏறின. தொண்ணூறு வரை எண்ணினார். பிறகு மூச்சை மட்டும் எண்ணினார். எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே ஏறினார். உச்சியில், கூரைக்கு அடியில் ஒட்டியதுபோல ஒரு வட்ட மாடம். தரை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா நிமிர்ந்து பார்த்து, “ஜன்னல் ஓரமா நில்லுங்க. இப்ப வரும்” என்றாள்.

வந்தது.

முதலில் ஜன்னல் விளிம்பில் ஒரு நூல். அந்த நூல் நாடாவாகி, உள்ளே வழுக்கி விழுந்தது. வெள்ளைக் கூரை ஒரு மூச்சு இழுத்துப் பிடித்ததுபோல இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல, வெட்கப்படும் முகம்போலச் சிவந்தது. காலண்டரில் இருந்தது இந்த நிறமே இல்லை. புறாக்கள் எழுந்தன, அவற்றின் இறக்கைகளும் சிவந்தன. புகார் சார் கையை நீட்டினார். கையும் ரோஜா நிறமாக இருந்தது. நீலக் கோட்டுகூட வேறு ஏதோ உலகத்துத் துணியாக மாறியிருந்தது. கீழே, வெகு ஆழத்தில், நூற்றுக்கணக்கான போன்கள் உயர்ந்திருந்தன. இங்கே நிற்பவரின் தோளில்தான் வெளிச்சம் வந்து சாய்ந்தது.

இருபத்து மூன்று வருஷமாகக் காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்த ஒரு மணி நின்றுவிட்டதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

ஐந்து நிமிஷம் முடிந்தது. கூரை மறுபடி வெள்ளையானது. யாரும் சொல்லாமலே அவர் இறகுகளைப் பெருக்க ஆரம்பித்தார், அவை கலைந்துவிடாதபடி, மெதுவாக.

கீழிருந்து மேஸ்திரியின் குரல் சுழன்று ஏறி வந்தது. “ஏழாம் நம்பரு! நாளைக்கு நாலரைக்கெல்லாம் வந்துடணும்!”

“சரிங்க!” என்றார் புகார் சார்.

சொன்ன பிறகுதான் திடுக்கிட்டார். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அக்காவிடம் ஓடினார். “அக்கா, நான் பாட்டுக்கு சரின்னுட்டேன்! தப்பு நடந்துபோச்சு. நான் வேலைக்கு வந்தவனே இல்ல. ஒன்பது மணிக்கு எனக்கு ரயில். சூரியோதயம் பாத்துட்டுப் போகலாம்னு வந்த ஆளு நான்!”

அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை. “மெதுவாப் பேசுங்க தம்பி. இங்க வேலைக்குன்னு வந்தவங்க யாருமே இல்ல. நாங்க ஒன்பது பேரும் பாத்துட்டுப் போக வந்தவங்கதான். மேஸ்திரியும் அப்படித்தான், அவர் வந்துதான் ரொம்ப நாளாச்சு, பதினாலு வருஷம்.”