ஆறு சிலிண்டர் ஆசை

"நாலு சிலிண்டர் இன்ஜினே போதும்ண்ணே. டீசலும் கம்மியாக் குடிக்கும். ஏத்தத்துல மட்டும் கொஞ்சம் மெதுவாப் போகும்" என்றார் மெக்கானிக்.

லாரிக்காரருக்கு அந்த 'மெதுவா'தான் ஆகாது. மலைமேல் இருந்த தொழிற்சாலைக்கு ஒரு பெரிய மெஷினைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், அங்கே போகும் சரக்கெல்லாம் இனி அவருக்கு என்று பேச்சு. அந்த நேரம் பார்த்துப் பழைய இன்ஜின் மண்டையைப் போட்டிருந்தது.

"ஆறு சிலிண்டர் போடு."

"அது நீளம்ண்ணே. ரேடியேட்டர்ல இடிக்கும்."

"ரேடியேட்டர முன்னால தள்ளு."

தள்ளினார்கள். லாரியின் மூக்கு தரையைப் பார்த்தது. பட்டை ஸ்பிரிங்கைத் தடிமனாக மாற்றினார்கள். பழைய கியர்பாக்ஸ் புது வேகத்துக்குப் பல்லை உதிர்த்தது. பெரிய கியர்பாக்ஸ் வந்தது. அதைத் தாங்க லாரியின் அடிச்சட்டம் நெடுக இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று, இனி நீந்தத்தானே வேண்டும்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி லாரியைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏங்க, மெதுவாப் போனா மலை என்ன ஓடியா போயிடும்?"

அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். இத்தனை வருஷமாக ஒவ்வொரு ஏற்றத்திலும் பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டியதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஒருமுறையாவது யாருக்கும் ஒதுங்காமல் ஏற வேண்டும். ஆம்பளைக்கு இதெல்லாம் ஓர் ஆசையா என்றால், ஆசைதான்.

காலி வண்டியில் வெள்ளோட்டம் பார்த்தார். லாரி மலையை ஒரே மூச்சில் ஏறியது. பின்னால் ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த மனைவிகூட, "பரவால்லங்க" என்றாள். அவள் வாயில் அது பெரிய பட்டம்.

மறுநாள் மெஷினை ஏற்றிக்கொண்டு அடிவாரத்து எடைமேடையில் நிறுத்தினார். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினாள்.

"மேல விட முடியாதுண்ணே. வண்டியும் சரக்கும் சேர்ந்து அனுமதிச்ச எடையத் தாண்டிடுச்சு."

"அதெப்படிம்மா? இந்த மெஷின் எடைய என் வண்டி தாராளமாத் தாங்குமே! வேற ஒரு துரும்புகூட ஏத்தலயே!"

அவள் எட்டி லாரியின் முன்பக்கத்தைப் பார்த்தாள்.

"இந்த வண்டியில பாதிச் சரக்கு இன்ஜின்தான்ண்ணே."