வால் பாயின் வால்நட்சத்திரங்கள்

வானத்துக்கு வந்த வால்நட்சத்திரங்கள் எல்லாம் திருவண்ணாமலை தேரடித் தெருவில் இருந்த ஒரே ஒரு மனிதரை ஏமாற்றுவதற்காகவே வந்தன என்று நான் சத்தியம் செய்வேன். போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அவரை ஊர் ‘வால் பாய்’ என்றது. சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்தது, யாரும் படித்ததில்லை.

நான் தாலுகா ஆபீஸ் கிளார்க். ஸ்டூடியோவின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். பாயின் தோல்விகள் அத்தனைக்கும் நானே சாட்சி.

எழுபத்து நாலு பொங்கல் சமயம். நிலா மாதிரி ஒரு வால்நட்சத்திரம் தெரியப் போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. பாய் தெருவையே மொட்டை மாடிக்கு அழைத்தார். அது மேற்கே தெரிய வேண்டியது. மேற்கே மலை நின்றது. வந்தவர்கள் ஒரு மணி நேரம் மலையைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

“நல்ல மலைதான் சார். உயரம்தான் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார் பாய்.

பிறகு ஒரு யந்திரம் செய்தார். இரண்டு பலகை, நடுவே கதவுக் கீல், ஒரு நீள ஸ்க்ரூ, மேலே கேமரா. கேமராவின் கண் பத்து நிமிஷம் திறந்தே இருக்கும்; நட்சத்திரம் கோடாக இழுபடாமல் இருக்க, அதுவரை வானம் நகரும் வேகத்துக்கு ஸ்க்ரூவைக் கையால் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். தும்மினால் படம் போச்சு. “மூணு புள்ளைங்கள இப்படித் தொட்டில்ல ஆட்டி இருந்தா புண்ணியமாப் போயிருக்கும்” என்பார் அவர் மனைவி.

எழுபத்தாறு மாசியில் நிஜமாகவே ஒன்று வந்தது, விடிவதற்கு முன், கிழக்கே, துடைப்பம் போல வாலை விரித்துக்கொண்டு. அன்று பாய்க்கு ஒரு கல்யாணத்தில் படம் எடுக்கும் வேலை. நாலரை ஆறு முகூர்த்தம். பாய் மண்டபத்து மாடியில் யந்திரத்தை வைத்துத் திருகிக்கொண்டிருந்தபோது கீழே கெட்டிமேளம் கேட்டது. கேமராவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். தாலி கட்டுவதை எடுத்தும் விட்டார். நடுவில் பிலிமைச் சுற்றத்தான் மறந்துபோனார்.

இரண்டும் ஒரே படத்தில் விழுந்திருந்தன. மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். பின்னால் இருட்டில் பெண்ணின் தகப்பனார் நிற்கிறார்; அவர் தலையிலிருந்து, அப்பழுக்கில்லாத ஒரு வால்நட்சத்திரம் கிளம்பிப் போகிறது.

“அது தெரிஞ்சா ராஜாவுக்கே ஆகாதும்பாங்க. நீங்க என் தலையிலயே நட்டு வச்சிருக்கீங்களே பாய்” என்றார் தகப்பனார்.

“தப்புதாங்க. ஆனா வாலைப் பாருங்க, எவ்ளோ சுத்தமா வந்திருக்குது.”

தகப்பனார் நெகடிவை வாங்கி நாலாகக் கத்தரித்தார். பாய் மூன்று நாள் கடை திறக்கவில்லை. வாழ்நாளில் அவருக்குச் சரியாக விழுந்த வால்நட்சத்திரம் அது ஒன்றுதான்.

அடுத்து ஹாலி வால்நட்சத்திரத்துக்காகப் பத்து வருஷம் காத்திருந்தார். அது வருவதற்குள் சர்க்கரை வியாதி அவர் பார்வையைப் பறித்துக்கொண்டது. கடையை மகன் பார்த்துக்கொண்டான். எண்பத்தாறு ஜனவரியில் ஒருநாள் என் அறைக்குப் படி தடவி ஏறி வந்தார்.

“அடி அண்ணாமலை பக்கம் போனா மலை மறைக்காது சார். நான் திருகறேன். நீங்க பாத்துச் சொல்லுங்க.”

போனோம். சூரியன் இறங்கியதும் அவர் பார்க்கச் சொன்ன பக்கமெல்லாம் பார்த்தேன். மூட்டம். ஒன்றுமில்லை. பாய் யந்திரத்தைப் பிடித்தபடி குந்தியிருந்தார். கேமராவை மேற்கே திருப்பி வைத்தேன்.

“தெரியுதா சார்?”

“தெரியுது பாய்.”

“வால்?”

“நல்லா நீளமா இருக்கு.”

“எந்தப் பக்கம் போவுது?”

“கீழே. சூரியன் இறங்கின பக்கமா.”

முகத்தை என் பக்கம் திருப்பினார். “அப்படியா. ரொம்ப அழகா இருக்கும்” என்றார். ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்தார்.

வால்நட்சத்திரத்தின் வால் ஒருநாளும் சூரியன் பக்கம் நீளாது என்பதைப் பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். பாய்க்கு அது அன்றே தெரியும். தெரிந்தும், என் மனசு நோகக்கூடாதென்று, முழுசாகப் பத்து நிமிஷம் கை நடுங்காமல் திருகினார்.