வீடியோவுக்கு வழி விடுங்க

வெள்ளைக்கார வாடிக்கையாளர் பாதிக் கொட்டாவியோடு திரையில் உறைந்து நின்றார்.

"ஏனம்மணி, இந்தாளு கொட்டாவிய முடிக்கறதுக்குள்ள ஆர்டரு வேற பக்கம் போயிருமாட்ட இருக்குது," என்றார் முதலாளி வெங்கடபதி.

அந்தப் பீளமேட்டு அலுவலகத்தின் நெட்வொர்க் முழுக்க லோகப்பிரியாவின் பொறுப்பு. ரோடு தோண்டியவர்கள் பெரிய கேபிளை அறுத்துவிட்டதால், காலையிலிருந்து ஓர் ஒல்லி லைனில்தான் எல்லாம் ஓடியது. அவள் வேலை நிரந்தரமாகுமா என்பது சாயங்காலம் தெரிந்துவிடும். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். "கவர்மென்ட் காலேஜுல படிச்சதுக்கு இதெல்லாம் எங்க வரும்?" என்று பக்கத்து சீட்டு மிதுன் காதுபடச் சொன்னதை அவள் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

போன் அதிர்ந்தது. அப்பா. கட் செய்தாள்.

வீடியோ அழைப்புகளுக்கெல்லாம் முதலிடம் என்று மாற்றினாள். கொட்டாவி முடிந்தது. உடனே வாடிக்கையாளர் கட்டம் கட்டமாக உடைந்தார். கூடவே பில்லிங்கும் நின்றது.

டவுன்லோடுகளையெல்லாம் நிறுத்தினாள். இப்போது குரலும் போனது.

"என்னங்க மேடம், மொத்தமா அணைச்சுப்போட்டீங்களா?" என்றான் மிதுன்.

"மொதல்ல உன் வாய அணை."

லைனைத் துழாவினாள். விருந்தினர் வைஃபையில் யாரோ ஒருவரின் போன். அதுவும் வீடியோ கால். அவள் கொடுத்த முதலிடம் அதற்கும் சேர்த்துத்தான் போயிருந்தது. அவள் ஒழித்துக்கொடுத்த இடத்தையெல்லாம் அது சப்புக்கொட்டி விழுங்கிக்கொண்டிருந்தது.

"எந்த வெட்டிப்பயலோ ஓசி நெட்டுல கொஞ்சிட்டிருக்கான். இர்றா, வாரேன்."

ஒரே தட்டு. அந்தப் போனின் இணைப்பு அறுந்தது.

திரை துடைத்துவிட்டாற்போலத் தெளிந்தது. வாடிக்கையாளர் சிரித்தார், தலையாட்டினார், ஆர்டரும் உறுதியானது.

"சாயங்காலம் எதுக்குங்க அம்மணி, இப்பவே சொல்லிப்போடறேன். நீங்க நிரந்தரம்," என்றார் வெங்கடபதி. மிதுன் கீபோர்டில் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டான். லோகப்பிரியா அவனையே பார்த்தபடி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. ரிசப்ஷன் பிரீத்திகா.

"அக்கா, அன்னூர்லருந்து உங்கப்பா வந்திருக்காருங்க. புள்ளையோட ஆபீஸப் பாருங்கன்னு உங்க வீதிக்கே வீடியோ போட்டுக் காட்டிட்டிருந்தாரு, நடுவுல நின்னுபோச்சு. 'எம்புள்ளையக் கூப்புடு கண்ணு, இங்க நெட்டெல்லாம் அதுதான் பாக்குது, ஒரு நிமிசத்துல சரி பண்ணிப்போடும்'ங்கறாருங்க."