சான் ஹசிந்தோவில் பிள்ளைப் பற்றாக்குறை

எங்கள் ஊரில் ஸ்பானிஷ் கற்றுத்தரும் பள்ளிகள் ஐந்து இருக்கின்றன. ஐந்தும் வெளிநாட்டாருக்காக நடப்பவை. காலையில் நான்கு மணி நேரம் இலக்கணம், பிற்பகலில் மூன்று மணி நேரம் ஏழைப் பிள்ளைகள் என்பது பாடத்திட்டம். இரண்டில் எதைத் தவறவிட்டாலும் சான்றிதழ் கிடையாது.

பிள்ளைகளுக்கு அவர்கள் எங்கள் காப்பகத்துக்குத்தான் வரவேண்டும். சந்தையில் கடை போடும் பெண்கள் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு, மாலை ஐந்துக்கு அழைத்துப் போகும் இடம் அது. நான் அங்கே வாயிற்காவலன். பெயர் எலிசேயோ. படிப்பு மூன்றாம் வகுப்பு. உள்ளே வருகிறவர்களையும் வெளியே போகிறவர்களையும் எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வருடங்களில் ஒரு பிள்ளைகூடக் கணக்கில் தவறியதில்லை.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, ஜெர்மனியிலிருந்து மாரைக்கே என்றொரு பெண் வந்தாள். வயது பத்தொன்பது. உயரம் எங்கள் வாசற்கதவைவிட நான்கு விரல் அதிகம். பிள்ளைகளுக்குச் சேவை செய்ய வந்ததாக அவள் கையிலிருந்த கடிதம் சொன்னது. அவளால் சொல்ல முடியவில்லை. ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள். அம்மா இல்லையா, சாப்பிடவில்லையா, யாரையாவது அடித்துவிட்டதால் இவ்வளவு தூரம் அனுப்பிவிட்டார்களா என்று கேட்டார்கள். மாரைக்கே எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள். அம்மா இல்லாத, பசியோடிருக்கும் ஒரு முரட்டுப் பெண் வந்திருக்கிறாள் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். தக்காளி விற்கும் திரான்சித்தோவின் மகள் டெல்மி, வயது ஆறரை, முன்னால் வந்து அவள் விரலைப் பிடித்தாள்.

"பாவம், இதுக்கு ஒண்ணுமே தெரியல. இத நான் பாத்துக்கறேன்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மாரைக்கே பீன்ஸைத் தின்று முடித்துப் பேசாமல் எழுந்துவிட்டாள். எங்கள் ஊரில் சாப்பிட்டு எழுகிறவர் மேசையில் இருக்கும் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும். சமைத்தவளே ஆனாலும் சொல்லவேண்டும். டெல்மி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஐந்து முறை எழுந்து, ஐந்து முறை உட்கார்ந்து, ஆறாம் முறை மாரைக்கே நன்றி சொன்னாள். மேசையிலிருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். மூன்றாம் நாள், தான் கடப்பதற்காக பஸ் நின்று வழிவிடும் என்று நம்பிப் பெரிய தெருவின் ஓரத்தில் இருபத்தைந்து நிமிடம் நின்றாள். டெல்மி போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நான்காம் நாள் தங்கியிருக்கும் வீட்டுக்கு வழி மறந்து அழுதாள். டெல்மி கொண்டுபோய் விட்டாள். ஐந்தாம் நாள் முதல் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்து, அவளுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். இந்தச் சொல்லிக்கொடுத்தலில் டெல்மிக்குப் படிக்க வந்துவிட்டது. வேறு யாருக்கும் அந்த வாரம் எதுவும் வரவில்லை.

மாரைக்கே ஊருக்கு எழுதினாள் போலிருக்கிறது. அடுத்த மாதத்துக்குள் தொண்டர்கள் பத்தொன்பது பேர் ஆனார்கள். ஒவ்வொருவரும் வந்த அன்றே சுவருக்கு வண்ணம் அடித்துச் சூரியனும் பூவும் வரைந்தார்கள். சுவர் தடித்துக்கொண்டே வந்ததில் வாசற்கதவு இப்போது முழுதாக மூடுவதில்லை.

இந்த நிலையில்தான் நகராட்சியின் வெளிநாட்டுத் தொண்டர் நல ஒருங்கிணைப்பு அதிகாரி, லிசென்சியாதோ ஓப்துலியோ, ஆய்வுக்கு வந்தார். பட்டம் வாங்கியவர்களை எங்கள் ஊரில் லிசென்சியாதோ என்போம். பிள்ளைகளை அவர் பார்க்கவில்லை. தொண்டர்களைப் பார்த்தார். பூங்காவில் ஊஞ்சலுக்கு நிற்பதுபோல் நான்கு பேர் ஒரே குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ள முறைவைத்துக் காத்திருந்ததைக் கண்டு மனம் வருந்தினார். மறுவாரம் உத்தரவு வந்தது. ஒரு தொண்டருக்குக் குறைந்தது இரண்டு பிள்ளைகள் ஒதுக்கப்பட வேண்டும். பத்தொன்பது பேருக்கு முப்பத்தெட்டு. எங்களிடம் இருபத்தாறு. பன்னிரண்டு பிள்ளைகளின் பற்றாக்குறையைப் பத்து நாளில் நிவர்த்தி செய்யாவிட்டால், போதிய பிள்ளைகள் இல்லாத காரணத்தால் பிள்ளைகள் காப்பகம் மூடப்படும்.

காப்பகத்தை நடத்தும் சேன்யோ மார்பெலினா நகராட்சிக்கு ஓடினார். ஆசிரியைகளை எங்கள் ஊரில் சேன்யோ என்றுதான் அழைப்போம். தொண்டர்களைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்டாராம். தொண்டர்கள் வளர்ச்சித் திட்டத்தில் வருகிறார்கள், வளர்ச்சியைக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை, பிள்ளைகளைக் கூட்டுவதற்குத் தடை ஏதும் இல்லை என்று லிசென்சியாதோ விளக்கினாராம்.

செய்தி சந்தைக்குப் போனது. காப்பகம் மூடினால் இருபத்தாறு பிள்ளைகளும் தக்காளிக் கூடைக்கும் பஸ் சக்கரத்துக்கும் நடுவில்தான் வளர வேண்டும். அன்று மாலையே தாய்மார்கள் கையில் அகப்பட்டவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். திரான்சித்தோ தன் தம்பியையே கொண்டுவந்தாள். அவனுக்கு மீசை இருந்தது. மறுபடி ஆய்வுக்கு வந்திருந்த லிசென்சியாதோ மீசையை நெடுநேரம் பார்த்தார்.

"இது பிள்ளையாம்மா?"

"எனக்குப் பிள்ளை மாதிரிதாங்க. இன்னும் நான்தான் சோறு போடறேன்."

பிள்ளை யார் என்பதை உங்கள் வசதிக்குத் தீர்மானிக்க முடியாது, அதற்குப் படிவம் இருக்கிறது என்று சொல்லி அவர் ஒரு தாளை என்னிடம் கொடுத்தார். பிள்ளை என்பதற்கு நான்கு அடையாளங்கள். நினைவூட்டாமல் நன்றி சொல்லி மேசையிலிருந்து எழத் தெரியாதது. பிறர் கையைப் பிடிக்காமல் பெரிய தெருவைக் கடக்க இயலாதது. குடியிருக்கும் முகவரியைச் சரியாகச் சொல்லத் தெரியாதது. இப்படிவத்தை முழுதும் வாசித்துப் பொருள் சொல்ல இயலாதது. இவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பினும் அந்நபர் பிள்ளையாகக் கருதப்படுவார்.

நான் இரண்டு நாள் விரல்வைத்து வாசித்தேன். பிறகு முற்றத்தைப் பார்த்தேன். மாரைக்கேயும் பதினெட்டு பேரும் கைகோத்து நிற்க, டெல்மி அவர்களைத் தெருவைக் கடத்திக் கூட்டிவந்துகொண்டிருந்தாள். எண்ணினேன். இருபத்தாறும் பத்தொன்பதும் நாற்பத்தைந்து. தேவை முப்பத்தெட்டு. ஏழு உபரி.

பத்தாம் நாள் லிசென்சியாதோ வந்தார். நோட்டைக் காட்டினேன். தொண்டர் பிள்ளையாகவும் இருக்கலாமா என்று அவர் யோசித்தார். கூடாது என்று படிவத்தில் இல்லை. பத்தொன்பது பேரையும் சோதித்தார். மாரைக்கே மட்டும் நன்றி சொன்னாள், முகவரியில் தோற்றாள். மற்றவர்கள் எல்லாவற்றிலும் தோற்றார்கள். தங்களைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் பத்தொன்பது பேரும் மகிழ்ச்சியில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

லிசென்சியாதோவுக்கும் திருப்தி. எங்களோடு உட்கார்ந்து பீன்ஸும் ஆறு சோள ரொட்டியும் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சொல்லலையே நீங்க," என்றாள் டெல்மி.

"என்னத்த?"

"நன்றி. உக்காருங்க. மறுபடி எந்திரிங்க."

அவர் உட்கார்ந்தார். எழுந்தார். நன்றி சொன்னார். ஆனால் நினைவூட்டிய பிறகு. எண்ணிக்கையில் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. நாற்பத்தாறு என்று திருத்தினேன்.

அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. ஆனால் சட்டத்தை மதிக்கிறவர். அப்படியானால் காப்பகத்தைத் தொடர்ந்து நடத்துவதற்கான உரிமத்தில் தான் கையெழுத்துப் போட முடியாது, படிவப்படி பெரியவர் ஒருவர்தான் போடவேண்டும் என்றார். சேன்யோவைப் பார்த்தோம். இருபத்திரண்டு வருடமாக ஏதாவதொரு பிள்ளையின் கையைப் பிடித்தேதான் அவர் பெரிய தெருவைக் கடந்திருக்கிறார். தனியாகப் போய் ஓரத்தில் நின்றார், கண்ணை மூடினார், திரும்பி வந்துவிட்டார். நாற்பத்தேழு. என்னைக் கேட்டார்கள். படிவத்தை வாசித்தேன், நான்காவது அடையாளத்துக்குப் பொருள் சொல்ல வரவில்லை. நாற்பத்தெட்டு என்று நானே எழுதினேன். சந்தையிலிருந்து வந்த பதினொரு தாய்மார்களும் அதே இடத்தில் தோற்றார்கள். நகரத்தந்தையை வரவழைத்தோம். அவர் நன்றி சொன்னார், தெருவைக் கடந்தார், பொருளும் புரிந்தது என்றார். முகவரி கேட்டபோது தலைநகரில் இருக்கும் வீட்டைச் சொல்லிவிட்டார். ஊரிலேயே குடியிருப்பதாக எழுதிக்கொடுத்துத்தான் அவர் தேர்தலில் நின்றவர். அறுபது.

மணி நாலரை. பத்து நாள் கெடு முடியும் ஐந்து மணிக்குள் கையெழுத்து இல்லையென்றால் காப்பகம் இல்லை. திரான்சித்தோ தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம்புள்ளையக் கேட்டுப் பாருங்களேன், ஐயா."

கேட்டோம். டெல்மி மேசையிலிருந்து நன்றி சொல்லி எழுந்தாள். வாசலுக்குப் போய், கையை உயர்த்தி இரண்டு பஸ்ஸை நிறுத்திவிட்டு நடுத்தெருவில் நடந்து போய்த் திரும்பினாள். முகவரியை எண்ணோடு சொன்னாள். படிவத்தை எடுத்துக் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசித்தாள்.

"சரி, அதுக்கு என்ன அர்த்தம், சொல்லு கண்ணு," என்றார் லிசென்சியாதோ.

"இத எழுதினவருக்கு நம்மளப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம்."

அவர் படிவத்தை வாங்கி இன்னொரு முறை வாசித்தார். சரியான விடை என்று குறித்துக்கொண்டார். கணக்கிலிருந்து டெல்மியை நீக்கினேன். பிள்ளைகள் ஐம்பத்தொன்பது, பெரியவர் ஒன்று. அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு உரிமத்தில் கையெழுத்துப் போட்டபோது மணி நான்கு ஐம்பத்தெட்டு. எங்கள் காப்பகம் ஐந்து வருடத்துக்கு மூடப்படாது.

ஆனால் ஊருக்கு ஒரே ஒரு பெரியவர் என்பது எழுத்தில் பதிவாகிவிட்டது. மறுநாள் முதல் நகராட்சிக் காகிதமெல்லாம் டெல்மியிடம் வந்தது. குழாய் இணைப்பு, கல்யாணப் பதிவு, சாக்கடை மேல்முறையீடு என்று ஒரு நாளைக்கு முப்பத்தொன்று, நாற்பது என எண்ணினேன். நகரத்தந்தை கைகழுவிவிட்டு வரிசையில் நின்றார். மற்றப் பிள்ளைகள் முற்றத்தில் மாரைக்கேயைக் குதிரையாக்கி ஏறிக்கொண்டிருக்க, டெல்மி உள்ளே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் வாரம் அவள் என்னிடம் வந்தாள்.

"டோன் எலிசேயோ, என்னையும் புள்ளைன்னு எழுதிக்கோங்களேன். நான் வெளையாடணும்."

லிசென்சியாதோவைக் கேட்டுவந்தேன். வகைமாற்றம் கோரும் விண்ணப்பம் தாராளமாக ஏற்கப்படும், பெரியவர் ஒருவர் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டால் போதும் என்றார். டெல்மி விண்ணப்பத்தை எழுதினாள். பெரியவர் என்ற முறையில் அதை ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். பரிந்துரைத்துக் கையெழுத்திட்டாள். பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டுக் குதிரையிடம் ஓடினாள்.

அது சென்ற திங்கட்கிழமை. அன்று முதல் சான் ஹசிந்தோவில் பெரியவர்கள் எண்ணிக்கை பூஜ்யம். இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். பஸ் ஓடுகிறது, சந்தை கூடுகிறது, அலுவலகம் எட்டு மணிக்குத் திறக்கிறது, உத்தரவுகள் வருகின்றன. வித்தியாசம் தெரிந்ததாக இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.