மலையேறிய கணினி

கணினியைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் உலக அறிஞர்களுக்குள் இன்றளவும் சண்டை ஓயவில்லை. கள்ளக்குறிச்சியில் அதைக் 'கட்டியவர்' யார் என்பதில் மட்டும் எந்தச் சண்டையும் கிடையாது. விதையும் பூச்சிமருந்தும் விற்கும் திரு. தீனதயாளன்தான் அவர். இந்த உண்மையை அவரே பல கல்யாணப் பந்திகளில் உறுதிப்படுத்தியிருக்கிறார்.

இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த காலத்தில், சென்னை ரிச்சி தெருவிலிருந்து சாமான்களைக் கோணிப்பையில் கொண்டுவந்து, தம் கையாலேயே ஒரு கணினியைப் பூட்டினார். அது ஓடவும் செய்தது. அன்று முதல் அவர் 'சிஸ்டம்' தீனதயாளன். சென்டர் மூடிப்போனது, பட்டம் மூடவில்லை. அதற்குப் பிறகு அவர் திருப்புளியைத் தொட்டதே இல்லை. ஒன்று கட்டினால் சாதனை, இரண்டு கட்டினால் பிழைப்பு என்பது அவர் கொள்கை.

அந்தக் கொள்கையைத் தளர்த்த வேண்டிய நெருக்கடியை அவருடைய ஒரே மகள் ரம்யா உண்டாக்கினாள். கட்டட வரைபடம் போடும் ஒரு சென்னை கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் நல்ல கணினி ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆபீசுக்கே வந்துவிட வேண்டும், அங்கே அவர்களே கொடுப்பார்கள்.

"இங்க கடையிலயே ரெடியா வச்சிருக்காங்கப்பா. சாதாரணமா ஒண்ணு வாங்கிக் குடுத்தா போதும்" என்றாள் ரம்யா.

தீனதயாளன் சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"சிஸ்டம் தீனதயாளன் பொண்ணு கடையில ரெடிமேட் வாங்குனான்னு ஊர்ல பேசணுமா? நானே கட்டித் தரேன். நீ மெட்ராசுக்கெல்லாம் போவ வேணாம். இந்த ரூம்லயே குந்திக்கினு வேல பாரு. அப்பா கண்ணு முன்னாடி இரு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அதனால்தான் ரம்யா மறுத்துப் பேசவில்லை. மனைவி அம்சவள்ளி மட்டும், "எப்ப முடியும்?" என்று கேட்டாள். கலைஞர்களிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

மறுநாளே பூச்சிமருந்துக் கடையில், யூரியா மூட்டைகளின் மேல் ஓர் 'உயர்மட்டக் குழு' கூடியது. வர்த்தகர் மன்றத் தலைவர் காசிநாதன் தலைமை தாங்கினார். ரைஸ் மில் சிவசங்கர், செல்போனில் வீடியோக்கள் பார்த்துத் தேறியவர் என்ற முறையில், தொழில்நுட்ப ஆலோசகராக நியமிக்கப்பட்டார். பயன்படுத்தப்போகிறவள் என்பதால் ரம்யாவும் அனுமதிக்கப்பட்டாள். நிற்க இடம் கொடுத்தார்கள்.

"ரேம் எத்தினி போடறது?" என்று சிவசங்கர் விவாதத்தைத் தொடங்கிவைத்தார்.

"பதினாறு போதும்பா" என்றாள் ரம்யா.

தீனதயாளன் சபையைப் பார்த்து வருத்தமாகச் சிரித்தார். "அந்தக் காலத்துலயே நான் அறுவத்து நாலு போட்டவன். இவ்ளோ வருசத்துல நாடு அறுவத்து நாலுலேர்ந்து பதினாறுக்கு எறங்கிப் போச்சா?"

"அது எம்.பி.ப்பா. இது ஜி.பி."

"அளவ மாத்திட்டா மட்டும் கம்மி ஜாஸ்தி ஆயிடுமா?" என்றார் காசிநாதன். அறுபத்து நாலு என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அடுத்து, மாதிரிக்கு இரவல் வாங்கிவந்த, சூயிங்கம் அளவிலான ஒரு சில்லைக் காட்டி, இதுதான் இப்போது ஹார்ட் டிஸ்க் என்றாள் ரம்யா. தீனதயாளன் அதைக் காதருகே வைத்துக் கேட்டார். "சத்தமே காணோமே. இது வேல செய்யுதா தூங்குதான்னு எப்பிடித் தெரியும்?" ஆகவே, சத்தம் போடும் பழைய வகை ஒன்றும் கூடுதலாக வாங்கத் தீர்மானமானது. பெட்டி கண்ணாடியில் இருக்க வேண்டும், உள்ளே வண்ண விளக்குகள் எரிய வேண்டும் என்பவை சிவசங்கரின் பங்களிப்புகள். கட்டட வரைபடத்துக்கு விளக்கு எதற்கு என்று ரம்யா கேட்டது பதிவு செய்யப்படவில்லை.

சாமான்கள் பல ஊர்களிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. வேலையில் சேரும் தேதி வந்துபோனது. ரம்யா கம்பெனிக்கு மெயில் எழுதி அவகாசம் கேட்டாள். கொடுத்தார்கள். பிறகு ஒரு வளர்பிறை முகூர்த்தத்தில், கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, தீனதயாளன் கட்டத் தொடங்கினார். பிராசசரின் மேல் சூட்டைக் கடத்தும் பசை தடவி, அதன் மேல் குளிர்விக்கும் விசிறியை வைத்துத் திருகினார். சாமான்களோடு வந்த விளக்கத் தாள்களை அவர் பிரிக்கவே இல்லை. தமக்குத் தெரிந்ததை இன்னொருவர் அச்சடித்துக் கொடுப்பது அவருக்குப் பிடிக்காது.

சுவிட்சைப் போட்டதும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊதா, பச்சை, சிவப்பு என்று விளக்குகள் ஓடின. பெட்டியை ஹாலில் நீளமாய்ப் படுக்கவைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மாள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தவள், செருப்பைக் கழற்றிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, யாருக்கு இன்னா ஆச்சுங்க? காலையில கூட எல்லாரும் நல்லாதான இருந்தீங்க?"

அது ஐஸ் பெட்டி அல்ல, கம்ப்யூட்டர் என்று அம்சவள்ளி அவளைத் தேற்றி அனுப்பினாள்.

அனுப்பி முடிப்பதற்குள் அது அணைந்துவிட்டது.

மீண்டும் போட்டார்கள். ஒரு முருகன் பாட்டை ஓடவிட்டார்கள். பல்லவி முடிந்து முதல் சரணம் தொடங்குமுன் திரை கறுத்தது. நம் வீடுகளில் விளக்கு அணைந்தால் 'மலையேறியது' என்பார்கள். தீனதயாளன் கட்டிய சிஸ்டம் ஒரே பகலில் பல தடவை மலையேறியது. தொட்டுப் பார்த்தால் அடுப்பாகக் கொதித்தது.

"கடைக்காரர் யாரையாவது கூப்ட்டு காட்டலாம்பா" என்றாள் ரம்யா.

"நான் பூட்டுனத இன்னொருத்தன் வந்து தொறக்கறதா? அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கத்திரி வெயில். மனுசனே தாங்கல, மிஷின் எங்க தாங்கும்?"

டேபிள் பேன் வைத்தார்கள். பெட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினார்கள். பலன் இல்லை. குழு அவசரமாகக் கூடி, கோளாறு கணினியில் அல்ல, கள்ளக்குறிச்சியில் இருக்கிறது என்று கண்டறிந்தது. தீர்வைச் சொன்னவர் சிவசங்கர்: "கல்வராயன் மலைக்கு ஏத்திப் பாத்தா இன்னா? அங்க சில்லுனு இருக்கும்."

அந்த வாரமே தீனதயாளனும் சிவசங்கரும் கணினியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மலைமேல் உள்ள வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். கச்சிராயபாளையம் தாண்டியதும் கண்டக்டர் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"இன்னாங்க இது?"

"கம்ப்யூட்டர்."

"ரிப்பேருக்கா? மலையில ரிப்பேர் பாக்கற ஆள் ஏதுங்க?"

"ரிப்பேர் இல்ல. கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டும்னு எத்துக்கினு போறோம்."

கண்டக்டர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்கு லக்கேஜ் போடறதா, ஆள் டிக்கெட் போடறதா?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருந்த தமிழ்வேந்தன், தீனதயாளனின் பழைய சென்டரில் படித்த மாணவன். கடைக்குப் பின்னால், சாமை மூட்டைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கிக் கொடுத்தான். அதே முருகன் பாட்டைப் போட்டார்கள். சரணம் ஒன்று கடந்தது. இரண்டாவது சரணத்தில் பாதி வந்தது. அப்புறம்தான் அணைந்தது.

இந்த முன்னேற்றம் சாதாரணமானதல்ல. "இந்த மலைக்கே ஒண்ணரை சரணம்னா, ஊட்டிக்கு ஒரு முழுப் பாட்டு. இமயமலைன்னா ராவும் பகலும் ஓடும்" என்று சிவசங்கர் கணக்கிட்டார். இருவரும் அங்கேயே தங்கி ஆராய்ச்சியைத் தொடர்வதென முடிவானது.

மறுநாள் காலை ரம்யா போன் செய்தாள்.

"அப்பா, இன்னைக்கி கடைசி நாள். வூட்டுலேர்ந்து ஆரம்பிக்கிறேனா, நேர்ல வரேனான்னு சொல்லணும்."

"ரெண்டு நாள் கேளும்மா. ரெண்டாவது சரணம் வந்துடுச்சி."

"இன்னா வந்துடுச்சி?"

அவர் விளக்கினார். ரம்யா கடைசிவரை கேட்டாள். பிறகு, "சரிப்பா, நேரத்துக்குச் சாப்புடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம், சிவசங்கர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், பசையை மறுபடி தடவிப் பார்க்கலாம் என்று தீனதயாளன் விசிறியைக் கழற்றினார். அதன் அடிப்பாகத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று, பிராசசரின் சூட்டை மேலே விடாமல், ஒட்டியிருந்தது. பொருத்துமுன் உரித்துவிடவும் என்று ஆங்கிலத்தில், சிவப்பு எழுத்தில், அதன் மேலேயே அச்சடித்திருந்தார்கள்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தமிழ்வேந்தன் யாருக்கோ புளி நிறுத்துக்கொண்டிருந்தான். தாளை உரித்துச் சட்டைப் பையில் வைத்து, பசை தடவி, விசிறியைத் திருகினார். முருகன் பாட்டு முழுதாக ஓடியது. அடுத்த பாட்டும் ஓடியது. பெட்டி ஜில்லென்று இருந்தது.

உடனே வீட்டுக்குப் போன் போட்டார். அம்சவள்ளி எடுத்தாள்.

"ரம்யா கிட்ட குடு. சரியாயிடுச்சின்னு சொல்லணும்."

"மெட்ராஸ் பஸ் ஏத்திவுட்டு ஒண்ணரை மணி நேரமாச்சி. உளுந்தூர்பேட்டை தாண்டியிருக்கும்."

தீனதயாளன் சாமை மூட்டை மேல் உட்கார்ந்தார். பாட்டு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. டீ குடித்துவிட்டு வந்த சிவசங்கர் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எப்பிடிங்க ஓடுது?"

சட்டைப் பையை ஒரு கையால் மூடிக்கொண்டு தீனதயாளன் சொன்னார்: "மலைக் காத்து ஒத்துக்கிச்சி."

இந்தக் கண்டுபிடிப்பு சிவசங்கரின் செல்போன் வழியாக மாவட்டம் முழுக்கப் பரவியது. தியாகதுருகத்திலிருந்து ஒருவர், சூடாகும் மிக்சியோடு வெள்ளிமலை பஸ் ஏறியதாகத் தகவல். கணினி ஊர்வலமாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவந்து, ரம்யாவின் அறையில், அவளுடைய மேசை மேல் அமர்ந்தது. மலையில் 'பழகிவிட்டதால்' அது இப்போது கத்திரி வெயிலிலும் ஓடியது.

தீனதயாளன் மகளுக்குப் போன் செய்தார். "அங்க இன்னாம்மா சிஸ்டம் குடுத்துருக்காங்க? இது மாதிரி வருமா?"

"பழைய டப்பாப்பா. முன்ன யாரோ வச்சிருந்தது. ஆன் பண்ணா ஆன் ஆவுது, வேல ஓடுது. நான் கேட்டதும் அதான்பா."

"லீவுக்கு எப்ப வர?"

"இப்பதானப்பா சேந்துருக்கேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர்த்தகர் மன்றம் பாராட்டு விழா எடுத்தது. பொன்னாடை போர்த்தினார்கள். காசிநாதன், 'கணினிக்கே காற்று கொடுத்த செம்மல்' என்ற பட்டத்தை வாசித்து வழங்கினார். அத்தோடு விட்டிருக்கலாம். சபைக்கு ஒரு சுவை சேர்ப்பதாக நினைத்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளியிடம் மைக்கை நீட்டினார்.

"வூட்டுல இருந்து பாக்கறவங்க நீங்க. மிஷின் ஸ்பீடு எப்பிடின்னு நீங்களே ரெண்டு வார்த்த சொல்லுங்கம்மா."

அம்சவள்ளி எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"ஸ்பீடுக்கு ஒண்ணும் கொறயில்லிங்க. ஒரு வேலையும் செய்றதுக்கு முன்னாடியே எம் பொண்ண மெட்ராசுக்கு அனுப்பிடுச்சி."

கூட்டம் கைதட்டியது. முதலில் தட்டத் தொடங்கியவர் தீனதயாளன். முதலில் நிறுத்தியவரும் அவர்தான்.